ஓரத்து ஐந்து வரிசை

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்கு இந்த இடம் போதும். நடுவில் எழுந்து எழுந்து உட்காருவேன், தப்பாக நினைக்காதீர்கள். காலையிலிருந்தே இப்படித்தான். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு கண்டக்டர், "பெரியவரே, ஊருக்கு வர்றீங்களா, இல்ல யாரையாச்சும் வழியனுப்ப வந்தீங்களா?" என்று கேட்டான். எனக்கு ஐம்பத்தாறுதான் ஆகிறது. பெரியவராம்.

நீங்கள் திருச்சிக்கா? அப்படியென்றால் பெரம்பலூரில் மாற வேண்டும். நான் அதற்கு முன்னாலேயே வேப்பந்தட்டையில் இறங்கிவிடுவேன். அங்கிருந்து டவுன் பஸ். ஆலங்குறிச்சி என்று ஒரு ஊர். என் பெயர் பெரியண்ணன்.

அது என் ஃபோன்தான். அடிக்கட்டும். எங்கள் ஊராட்சித் தலைவர் ராசாங்கம் கூப்பிடுகிறார். 'கையெழுத்து வாங்கியாச்சா?' என்று கேட்பார். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. எடுத்தால் என்ன சொல்வது? வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். 'மாட்டேன்னுட்டாளா?' என்பார். மாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை. அப்புறம் என்னதான் நடந்தது என்பார். அதைத்தான் நானும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு கையெழுத்து, சார். எங்கள் ஊரில் அறுபத்து நாலு குடும்பத்துக்கு இழப்பீடு வருமா வராதா என்பது அதில் நிற்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அதற்குள் வேண்டும்.

பி.டி. பருத்தி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். செடிக்குள்ளேயே காய்ப்புழுவுக்கு விஷம் இருக்கிற மாதிரி செய்த விதை. புழு கடித்தால் செத்துப்போகும். நமக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள். எங்கள் ஊருக்கு அதை முதலில் கொண்டுவந்தவன் நான். பதினாறு வருஷம் ஆயிற்று. அதற்கு முன்னால் ஒரு வெள்ளாமைக்குப் பதினெட்டுத் தடவை மருந்து அடித்திருக்கிறேன். முதுகில் டேங்க், மூக்கில் துண்டு. சோற்றை வாயில் வைத்தால் மருந்து நாறும். அப்படி அடித்தும் ஏக்கருக்கு நாலு குவிண்டால் தேறாது. பி.டி. போட்ட முதல் வருஷம் மூன்றே மருந்து. பத்துக் குவிண்டால் எடுத்தேன். பொய் சொல்லவில்லை, பத்து. கம்பெனிக்காரர்கள் வந்து எனக்கு மாலை போட்டு, செடிக்கு நடுவில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, வேப்பந்தட்டை நிறுத்தத்தில் பேனர் வைத்தார்கள். 'முன்னோடி விவசாயி'. அதில் என் மூக்கு மட்டும் ஒரு முழம் இருக்கும்.

மறுவருஷம் ஊரே போட்டது. கம்பு போயிற்று, துவரை போயிற்று, மாடுகளை விற்றோம். வீட்டு விதையை எடுத்துவைக்கிற பழக்கமும் போயிற்று. ஆவணி பிறந்தால் கடைக்கு ஓட வேண்டியது, பாக்கெட் வாங்க வேண்டியது. ஆனால் வீடுகளுக்கு மாடி வந்தது. பஞ்சு எடுக்க வருகிற பெண்களுக்குக் கூலி ஏறியது. நாலு பிள்ளைகள் என்ஜினீயரிங் படித்தார்கள். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா? இன்றைக்கு எல்லாரும் அந்த விதையைத் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். நான் என்ன தப்பான வழியா காட்டினேன்?

இதென்ன, தலைவாசல் ரோடு வரவேயில்லையே. இல்லை, வீரகனூர் வழியாகப் போகிறானா? சரி, சரி.

அந்த விதைப் பையோடு ஒரு சின்னப் பாக்கெட்டும் வரும். அதில் இருப்பது சாதாரணப் பருத்தி விதை, விஷம் இல்லாதது. வயலைச் சுற்றி ஓரத்தில் ஐந்து வரிசை அதை ஊன்ற வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். எதற்கு? கடைக்காரரிடம் கேட்டேன். "அது சும்மாண்ணே, கவர்மென்டுக்காக வைக்கிறாங்க. நீங்க பெரிய பாக்கெட்டப் பாருங்க" என்றார். ஐந்து வரிசை என்றால் சும்மாவா? இரண்டு ஏக்கரில் சுற்றிலும் போட்டால் கிட்டத்தட்ட அரை ஏக்கர் போய்விடும். அதில் மருந்தும் அடிக்கக் கூடாதாம். புழுவுக்கு அரை ஏக்கர் எழுதிவைக்க நாங்கள் என்ன ஜமீனா? ஊரில் எல்லாருக்கும் நான்தான் சொன்னேன், முளைக்காத இடத்தில் அதை ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள் என்று. நான் சொன்னால் கேட்பார்கள். பேனரில் இருப்பவன் அல்லவா.

ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. நல்லம்மாள். என் பங்காளி கொளஞ்சியின் மனைவி. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். கொளஞ்சி கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்துச் செத்துப்போனான். ஏழு வருஷத்துக்கு முன்னால். அந்த வருஷம் அவள் தனியாக வெள்ளாமை வைத்தாள். என் நிலத்தை ஒட்டி அவளுக்கு இரண்டு ஏக்கர். புருஷன் இல்லாமல் முதல் தடவை, யாரையும் கேட்கக் கூச்சம், அதனால் பாக்கெட்டுக்குள் இருந்த காகிதத்தைப் படித்திருக்கிறாள். எட்டாக மடித்த காகிதம், சார். அதை முழுசாகப் படித்த ஒரே ஜீவன் எங்கள் வட்டாரத்தில் அவளாகத்தான் இருக்கும். அதில் போட்டிருந்தபடியே நூல் பிடித்து ஓரத்தில் ஐந்து வரிசை ஊன்றினாள்.

மார்கழியில் அந்த ஐந்து வரிசையிலும் புழு. விழத்தான் செய்யும், அதில்தான் விஷம் இல்லையே. காயை உடைத்தால் உள்ளே சிவப்புச் சிவப்பாக நெளிந்தது. அந்த வருஷம்தான் எங்கள் வயல்களிலும் அங்கொன்று இங்கொன்றாகச் சொத்தைக் காய் தெரிய ஆரம்பித்திருந்தது. ஊர் பயந்துபோயிருந்தது. பஞ்சு எடுக்கப் போன பெண்கள் வந்து சொன்னார்கள், "நல்லம்மா காட்டுல புழு வளக்குது" என்று. அப்படித்தான் ஆரம்பித்தது.

மாரியம்மன் கோயிலில் கூடினோம். அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, ஓரத்துல புழு இருக்கணும்னுதான் இதுல எழுதியிருக்கு. அது இருந்தாத்தான் உள்ள இருக்கிற செடிக்கு நல்லதாம்" என்றாள். துரைக்கண்ணு என்று ஒருத்தன், வாய்த்துடுக்கு. "அதாவது, திருடனுக்குத் தெருமுனையில தனி வீடு கட்டிச் சோறு போட்டா, நம்ம வீட்டுக்கு வர மாட்டானாம். அப்படித்தானே புள்ள?" என்றான். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தன் மட்டும் எப்படி... அவள் என்னைப் பார்த்தாள். 'நீங்க படிச்சுப் பாருங்க மாமா' என்று காகிதத்தை நீட்டினாள். என்னிடம் கண்ணாடி இல்லை. இருந்தது, சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஊர் பார்க்க, ஒரு பொம்பளை நீட்டிய காகிதத்தை... என்ன சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிகிறதா?

மறுநாள் காலையில் பதினோரு பேர் இறங்கி அந்த ஐந்து வரிசையையும் பிடுங்கினார்கள். நான் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. வரப்பில்தான் நின்றேன். யாரும் உள்ளே இருக்கிற நல்ல செடியை மிதித்துவிடக் கூடாதே என்று நின்றேன். நான் நின்றதால்தான் அவளுடைய மிச்ச வெள்ளாமை தப்பித்தது. இதை அவள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் அவளுக்குப் பெயரே 'புழுக்காரி' என்று ஆகிவிட்டது. நான் வைத்த பெயர் இல்லை. யார் வைத்தார்கள் என்றே தெரியாது. பஞ்சு எடுக்க அவள் காட்டுக்கு ஆள் போகவில்லை. கடையில் நின்றால் ஒதுங்குவார்கள். ஒரு கல்யாணத்தில் பந்தியில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் நெளியலயே" என்றாளாம். விளையாட்டுக்குத்தான். மறுவருஷம் ஊரை விட்டுத் தம்பி வீட்டோடு போய்விட்டாள். ஆத்தூர்ப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. தக்காளி, மிளகாய் எல்லாம் தட்டில் நாற்று விட்டு விற்கிறார்களே, அங்கே. நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பங்காளி நிலம் வெளியாருக்குப் போகக் கூடாது பாருங்கள். குத்தகை என்று ஏதோ கொடுக்கிறேன். குறைவு என்று அவள் சொன்னதில்லை.

மறுபடியும் ராசாங்கம். இருங்கள், அமுக்கிவிடுகிறேன்.

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். பன்னிரண்டு தடவை மருந்து அடித்தோம், சார். பழையபடி முதுகில் டேங்க். விதைக்கு அந்த விலை கொடுத்து, மருந்துக்கும் பழைய செலவு. காய் பார்க்க நன்றாக இருக்கும். வெடிக்காது. உடைத்தால் உள்ளே சொத்தை, நடுவில் அந்தச் சிவப்புப் புழு சுகமாகப் படுத்திருக்கும். ஏக்கருக்கு இரண்டு குவிண்டால், அதுவும் கறை பிடித்த பஞ்சு. விற்பனைக்கூடத்தில் வியாபாரிகள் கையை விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்கள். கடைசிப் பஞ்சை எடுக்க ஆளே வரவில்லை. நாள் முழுக்க எடுத்தாலும் மூன்று கிலோ தேறாது, அவர்கள் ஏன் வருவார்கள்? செடியோடு டிராக்டர் விட்டு ஓட்டினோம்.

அறுபத்து நாலு பேர் சேர்ந்து கம்பெனி மேல் மனு கொடுத்தோம். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். கூட ஒரு விஞ்ஞானி, சின்ன வயசுப் பெண். அவள்தான் விளக்கினாள். விஷச் செடியைத் தின்றும் சாகாத புழு ஆயிரத்தில் ஒன்று இருக்குமாம். அது தன்னைப் போலவே இன்னொன்றோடு சேர்ந்தால் பிறக்கிறதெல்லாம் சாகாத புழுவாகப் போகுமாம். ஓரத்தில் சாதாரணப் பருத்தி இருந்தால், அங்கே விஷம் பழகாத புழு நிறைய வளர்ந்து இதோடு வந்து சேருமாம். அப்போது பிறக்கிற குஞ்சுக்கு விஷம் தாங்காதாம். துரைக்கண்ணு, "புழுவுக்கும் நாம சம்பந்தம் பாத்துக் குடுத்திருக்கணுமா மேடம்?" என்றான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஆமாங்கய்யா. அதுக்குத்தான் அந்தச் சின்னப் பாக்கெட். நீங்க எல்லாரும் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

போட்டோம் என்றோம். அறுபத்து நாலு பேரும் போட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். எல்லா ஊரிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

பத்து நாள் கழித்து, ஓரத்தில் ஊன்றாதவர்களுக்கு இழப்பீடு கிடையாது என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அதோடு ஒரு பழைய மனுவின் நகல். நல்லம்மாள் ஏழு வருஷத்துக்கு முன்னால் வேளாண்மை ஆபீஸில் கொடுத்தது. 'விதைக் கம்பெனி சொன்னபடி ஓரத்தில் ஊன்றிய பருத்தியை எங்கள் ஊர்க்காரர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். ஊரில் வேறு யாரும் அதை ஊன்றுவதில்லை.' தேதி, சர்வே நம்பர், எல்லாம் சுத்தமாக. எங்களுக்குத் தெரியவே தெரியாது, அவள் இப்படி ஒன்று கொடுத்திருக்கிறாள் என்று. அதில் ஒரு பெயரும் இல்லை. என் பெயர்கூட இல்லை. நான் மூன்று தடவை தேடிப் பார்த்தேன்.

அதனால்தான் இன்றைக்கு ராசாங்கம் என்னை அனுப்பினார். வக்கீலிடம் கொடுத்து ஒரு கடிதம் டைப் அடித்தாகிவிட்டது. 'மேற்படி மனு வரப்புத் தகராறில் கோபத்தால் நான் பொய்யாகக் கொடுத்தது. பயிரை யாரும் பிடுங்கவில்லை.' கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். "நீதான்யா அவளுக்கு மூத்தவன் முறை. நீ கேட்டா தட்ட மாட்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் பண்ணையில் வேலை. தட்டில் தேங்காய் நார்த்தூள் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு, "வாங்க மாமா. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். பண்ணைப் பையன் ஒருத்தனிடம் டீ வாங்கிவரச் சொன்னாள். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் நாலு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

கடிதத்தைக் கொடுத்தேன். படித்தாள். அவள்தான் எதையும் முழுக்கப் படிப்பவள் ஆயிற்றே. நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை படித்தாள்.

"புழு ரொம்பவா மாமா?" என்றாள்.

"ரொம்பம்மா. ஊரே போச்சு."

"எங்க காட்டுலயும்?"

"உன் காட்டுலயும்தான். அதுக்கும் சேத்துத்தான் மனு கொடுத்திருக்கேன்." என் பெயரில் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. பயிர் வைத்தவனுக்குத்தானே இழப்பீடு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

பக்கத்துத் தட்டில் சாய்ந்திருந்த ஒரு நாற்றை நிமிர்த்தி வைத்தாள். அப்புறம், "சரி. பாவம் புள்ளகுட்டிக்காரங்க. நான் பொய் சொன்னதாவே இருக்கட்டும். போட்டுத் தர்றேன்" என்றாள். பேனாவை வாங்கினாள். எனக்கு மூச்சு வந்தது. கடிதத்தைத் தட்டின் மேல் வைத்து, பேனாவையும் வைத்துவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. நான் புழு வளக்கலன்னு ஒரு தடவ சொல்லுங்க."

"என்னம்மா இது, பழைய கதைய..."

"ஊருல சொல்ல வேணாம். கோயில்ல வந்து சொல்ல வேணாம். இங்க எங்கிட்டச் சொல்லுங்க, போதும். அந்தப் புழுவ நீ வளக்கல நல்லம்மான்னு. சொன்ன உடனே போட்டுடறேன்."

அவ்வளவுதான் சார் கேட்டாள். பணம் கேட்கவில்லை, நிலத்தைக் கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அன்னிக்கி ஊர் நெலம அப்படிம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தாள். "நான் ஒரு செடியத் தொட்டனா? வரப்புலதானே நின்னேன்" என்றேன். "ஆமா மாமா, நீங்க நின்னதப் பாத்தேன்" என்றாள். மறுபடியும் காத்திருந்தாள். "உன் ஒருத்தி காட்டுல அஞ்சு வரிச இருந்திருந்தா மட்டும் இது நின்னிருக்குமா?" என்று கேட்டேன். அதற்கு மெதுவாக, "எல்லாரும் போட்டிருந்தா?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டேன். அவள் பேனாவை மூடி என் பையில் அவளே வைத்தாள். கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "இங்கயே இருக்கட்டும் மாமா. எப்பச் சொன்னாலும் போட்டுக் குடுத்துடறேன். கடைசி பஸ்ஸுல கண்டக்டர்கிட்டக் குடுத்தனுப்பிடறேன்" என்றாள்.

ஏன் எனக்கு வாய் வரவில்லை? வந்ததிலிருந்து இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். நான் கெட்டவனா? ஊரில் கேட்டுப் பாருங்கள். அவள் கெட்டவள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் அடுத்த வரி ஒன்று இருக்கிறதே. அவள் வளர்க்கவில்லை என்றால் வளர்த்தது யார்? அறுபத்து நாலு வயலிலும் அதை ஏழு வருஷம், பதினாறு வருஷம், தீனி போட்டு... கம்பெனிதான். வேறு யார்? கடைக்காரர். பொடி எழுத்தில் அச்சடித்தவன். இல்லையா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள், சார்.

நல்லம்மாள் புழு வளர்க்கவில்லை.

பார்த்தீர்களா! உங்களிடம் வருகிறது. மூன்று வார்த்தை. தடங்கல் இல்லாமல் வருகிறது. யாரென்றே தெரியாத ஆளிடம் சொல்கிறேன், கூடப் பிறந்தவள் மாதிரி ஒருத்தியிடம் சொல்ல முடியவில்லை. இது எந்த ஊர், கிருஷ்ணாபுரமா? இங்கே இறங்கி எதிர் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பண்ணைக்குப் போய்விடலாம். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்கிறீர்களா... இல்லை, வேண்டாம். இரண்டு பேர் ஏறுகிறார்கள். எடுத்துவிட்டான். அடுத்தது வேப்பந்தட்டைதான்.

சார், உங்கள் ஃபோனில் ஒரு கால் பேச முடியுமா? என் ஃபோனிலும் காசு இருக்கிறது, ஆனால் அதில் கூப்பிட்டால் நான் பேச வேண்டிவரும். நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்கிறேன், போடுங்கள். நீங்களே பேசுங்கள். ஒரு வரிதான். 'நீங்க புழு வளக்கலம்மா'. பெரியண்ணன் சொன்னார் என்று... வேண்டாம், பெயர் வேண்டாம். ஊர் சொல்லச் சொன்னது என்று சொல்லுங்கள். ஊர் என்றால் போதும், என்னைவிட ஊர் பெரிசுதானே. அப்புறம் அந்தக் கடைசி பஸ்ஸை ஞாபகப்படுத்திவிடுங்கள்.

அடிக்கிறதா? அவள் உடனே எடுக்க மாட்டாள், கை கழுவிவிட்டுத்தான் எடுப்பாள். எடுத்துவிட்டாளா? பேசுங்கள் சார், பேசுங்கள். நன்றாகச் சொல்கிறீர்கள். அப்படித்தான்.

என்ன, என்ன கேட்கிறாள்?

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றா?

யாரும் இல்லை என்று சொல்லுங்கள்.